பதினாறு பிட், ஒரு பிட், நடுவில் நான்

ஆடியோ கடை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று மேனேஜர் கேட்டார். நாலே நாலு வார்த்தைதான் என்றால் இதோ: டெமோ நேரத்தில் வாசலில் நிற்காதீர்கள். என் மொத்த சர்வீசில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். ஏன் என்று கேட்பவர்கள் மட்டும் மேலே படியுங்கள். மற்றவர்கள் போய் டீ குடிக்கலாம்.

எனக்குப் படிப்பு ஏறவில்லை. பிட் என்றால் பரீட்சையில் அடிக்கிற பிட் மட்டும்தான் தெரியும். அதையும் ஒழுங்காக அடிக்கத் தெரியாமல்தான் ஒன்பதாவதோடு நின்றேன். அப்புறம் கொஞ்ச நாள் கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி தூக்கினேன். தொண்ணூறுகளில்தான் தி. நகரில், பாண்டி பஜாருக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கடையில் சேர்ந்தேன். முன்பக்கம் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன். பின்பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட ஏசி ரூம். அதில்தான் ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், சிடி ப்ளேயர் எல்லாம் உட்கார்ந்திருக்கும்.

என்னை முதலில் மிக்ஸி கவுண்டரில்தான் போட்டார்கள். சீர் சாமான் வாங்க வந்த ஒரு கல்யாண வீட்டுக் கூட்டத்துக்குத் தேங்காய்ச் சட்னி அரைத்துக் காட்டினேன். ஜாடி மூடியைத் திருகி மூட மறந்துவிட்டேன். சட்னி நேராக மேலே போய் ஃபேனைத் தொட்டது. ஃபேன் அதைச் சம்பந்தி, சொந்தம் என்று பார்க்காமல் எல்லோருக்கும் சமமாகப் பரிமாறியது. எங்கள் முதலாளி திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி. அவர் கோபப்பட்டுக் கத்துகிற ஆள் இல்லை. நெற்றியில் இருந்த சட்னியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"எலேய், நீ நாளையிலேர்ந்து ஏசி ரூமுக்குப் போயிரு. அங்கதான் நனையுத சாமான் எதுவும் கெடையாது."

தண்டனைதான். ஆனால் மே மாதச் சென்னையில் ஏசி ரூமைத் தண்டனையாகக் கொடுத்தால் யாராவது மேல்முறையீடு செய்வார்களா? அன்றிலிருந்து என் வாழ்க்கையின் ஒரே லட்சியம், அந்தக் கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கமே இருப்பது.

அந்த ரூமில் ஒரு பழைய பாவம் இருந்தது. பதினாறு பிட் சிடி ப்ளேயர். யாரோ ஒருவர் ஆர்டர் கொடுத்துவிட்டுக் காணாமல் போய்விட்டார். இரண்டு செங்கல் கனம். அதற்குள் ஊரில் எல்லோரும் 'ஒரு பிட்', 'ஒரு பிட்' என்று புது மாடல் பின்னால் போய்விட்டார்கள். இதை யாரும் சீண்டவில்லை. ஆயுத பூஜை வந்தால் அதற்கும் சந்தனம், குங்குமம் வைப்போம். ஏறக்குறைய குடும்பத்தில் ஒருவர்.

அப்போதுதான் அபிராமபுரத்திலிருந்து ஃபோன் வந்தது. மூன்று மாமாக்கள். ரிட்டயர் ஆனவர்கள். சனிக்கிழமைதோறும் யாராவது ஒருவர் வீட்டில் கூடிக் கச்சேரி கேட்பார்கள். மூவரும் சேர்ந்து ஒரு சிடி ப்ளேயர் வாங்குவதாகத் திட்டம். ஒரு பிட் வாங்குவதா, பதினாறு பிட் வாங்குவதா என்பதில் அவர்களுக்குள் பேச்சுவார்த்தையே நின்றுபோகும் நிலை. இரண்டையும் கொண்டுவந்து போட்டுக் காட்ட முடியுமா என்று கேட்டார்கள்.

அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். "ரெண்டையும் தூக்கிட்டுப் போ. அந்தப் பெருசு மட்டும் திரும்பி வரக்கூடாது. வந்துச்சு, நாளையிலேர்ந்து நீ மறுபடி மிக்ஸி கவுண்டர்தான். வெளங்குதா?"

விளங்கியது. காதில் மிக்ஸி ஓடவே ஆரம்பித்துவிட்டது.

கூட வந்தது எங்கள் கடை மெக்கானிக். சிந்தாதிரிப்பேட்டைக்காரர். எல்லோரையும் நைனா, நைனா என்று கூப்பிட்டதால் அவருக்கே அது பேராகிவிட்டது. என்னை மட்டும் மச்சி என்பார். ஆட்டோவில் என் மடியில் பதினாறு பிட். அவர் மடியில் ஒரு பிட்.

"இன்னா மச்சி, மூஞ்சி ஒரு மாரியா கீது?" என்றார்.

"இது திரும்பி வந்தா எனக்கு சட்னிதான் நைனா."

"அத்த வுடு. உன் மடியில இன்னும் ரெண்டு ப்ளேயர் வெக்கலாம் போலகீது. அவ்ளோ எடம்."

என் உடம்பைப் பற்றி அப்போதே அவருக்கு அப்படி ஓர் அபிப்பிராயம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலைக்கு ஆகும்.

அபிராமபுரம் வீட்டுக்கார மாமா வாசலுக்கே வந்து வரவேற்றார். உள்ளே நுழைந்ததும் காபி வாசனை. பூஜை ரூமிலிருந்து எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியின் ரீங்காரம். அந்தப் பக்கத்தில் பாதி வீடுகளில் அது ஃபிரிட்ஜ் மாதிரி, அணைக்கிற வழக்கமே கிடையாது. டெலிவரிக்குப் போகிற எங்களுக்கு ஐந்து நிமிஷத்தில் காதுக்குப் பழகிவிடும். அன்றைக்கும் பழகிவிட்டது. அதுதான் வினை.

ஹாலில் மற்ற இரண்டு மாமாக்கள். ஒருவர் காலேஜில் கணக்கு சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவர். இன்னொருவர் பாட்டு கேட்க ஆரம்பித்தால் முடிகிற வரை கண்ணைத் திறக்காதவர். வசதிக்காகக் கணக்கு மாமா, கண்மூடி மாமா என்று வைத்துக்கொள்வோம்.

கணக்கு மாமா என்னை உட்காரக்கூட விடவில்லை. "ஏம்ப்பா, பதினாறு பெருசா, ஒண்ணு பெருசா? ஒரே ஒரு பிட்டை வெச்சுண்டு எப்படிப் பாட்டு வரும்?"

நைனா என்னைப் பார்த்தார். அவருக்கு விஷயம் தெரியும், விளக்க வராது. எனக்கு விஷயம் தெரியாது, ஆனால் வாய் இருக்கிறது. அவர் கடையில் சால்டரிங் வைத்துக்கொண்டே எனக்குச் சொன்னதை எனக்குத் தெரிந்த ஒரே பாஷையில் எடுத்துவிட்டேன்.

"சார், சிடியில நம்பரு மட்டும்தான் இருக்கு. அத சத்தமா மாத்தணும். பந்தி மாதிரி நெனச்சுக்கோங்க. இந்தப் பதினாறு பிட்டுகிட்ட பதினாறு கரண்டி இருக்கு. ஒவ்வொண்ணும் முன்னாடி இருக்கறதுல பாதி சைஸு. எவ்ளோ சாம்பார் வேணுமோ அதுக்குத் தகுந்த கரண்டியெல்லாம் எடுத்து ஒரே ஊத்து. ஆனா பெரிய கரண்டி கொஞ்சம் நசுங்கி இருந்துச்சுன்னு வைங்க, கடைசி கரண்டிய எவ்ளோ கரெக்டா ஊத்தினாலும் பிரயோசனம் இல்ல."

"அந்த ஒரு பிட்?"

"அதுகிட்ட ஒரே ஒரு டீ ஸ்பூன்தான். கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள லட்சம் தடவ ஊத்தும். ஒரு ஸ்பூனுங்கறதால நசுங்கற பேச்சே இல்ல. ஆனா அந்த வேகத்துல பக்கத்துல சிந்தும். அதத் தொடைக்க உள்ள தனியா ஒரு ஆளு துணியோட நிக்கறாரு."

கணக்கு மாமா மோவாயைத் தடவினார். "உதாரணம் தப்பில்லை. ஆனா பசிக்க ஆரம்பிச்சுடுத்து."

"அதான் சாம்பார் சாதம் கலந்து வெச்சிருக்கேனே" என்று சமையலறையிலிருந்து மாமியின் குரல் வந்தது.

அடுத்து டெமோ. பெட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும், கண்ணுக்குத் தெரியாமல் கேட்க வேண்டும் என்று கணக்கு மாமா ஒற்றைக்காலில் நின்றார். ஹாலின் கோடியில் கொடி கட்டி வீட்டுக்கார மாமாவின் எட்டு முழ வேட்டியைத் தொங்கவிட்டோம். வேட்டிக்குப் பின்னால் ஒரு மேஜை. இடப்பக்கம் பதினாறு பிட், வலப்பக்கம் ஒரு பிட். மேஜைக்குப் பின்னால் வலது ஓரத்தில் பூஜை ரூமுக்குப் போகிற வாசல். வேட்டிக்குப் பின்னால் நான் நின்று வயரையும் சிடியையும் பிடுங்கி மாற்றி மாற்றிச் செருக வேண்டும். முன்னால் நைனா உட்கார்ந்து வீட்டு ஆம்ப்ளிஃபயரில் வால்யூமைக் குறைத்து ஏற்ற வேண்டும். சிடி ஒன்றுதான். ஒரு பெரிய வித்வானின் தோடி ஆலாபனை.

ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் மூவரும் வாய் திறக்காமல் விரலைக் காட்டினார்கள். முதலில் கேட்டது நன்றாக இருந்தால் ஒரு விரல், இரண்டாவது என்றால் இரண்டு. நான் வரிசையை மாற்றிக் குழப்பியும் பார்த்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், மூவர் விரலும் எல்லாத் தடவையும் ஒரே பெட்டிக்குத்தான் போனது. பதினாறு பிட்டுக்கு.

"அந்தத் தம்புராவைக் கேட்டேளா? அப்படியே ரூமையே ரொப்பறது" என்றார் வீட்டுக்கார மாமா.

"மத்ததுல தம்புரா எங்கயோ தூரத்துல இருக்கு" என்றார் கணக்கு மாமா.

கண்மூடி மாமா தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கண்ணோரம் ஈரமாக இருந்தது.

வேட்டியை விலக்கிக் காட்டினேன். பேச்சுவார்த்தை நிற்கும் நிலையில் இருந்த மூவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். "அப்ப இதுவே இருக்கட்டும்" என்றார் வீட்டுக்கார மாமா. எனக்குள் ஒரு கோயில் மணியே அடித்தது. சந்தோஷத்தில், கடைசியாக ஒரு தடவை, வேட்டி இல்லாமலே பதினாறு பிட்டில் தோடி போட்டேன். நான் இடப்பக்கம் நின்றிருந்தேன்.

கரெண்ட் போனது.

ஃபேன் நின்றது. பாட்டு நின்றது. பக்கத்து வீட்டிலும் போயிருக்கிறதா என்று பார்க்க வீட்டுக்கார மாமாவும் கணக்கு மாமாவும் கேட்டுக்குப் போனார்கள். கண்மூடி மாமா மட்டும் சோபாவில் அசையவில்லை. கண்ணைத் திறக்காமலே தொடையில் மெல்லத் தட்டினார்.

"ஆஹா. பாட்டு நின்னதுக்கப்புறமும் தம்புரா எப்படி நிக்கறது பாரு. இதைத்தான் நான் சொன்னேன்."

நைனா என்னைப் பார்த்தார். நான் நைனாவைப் பார்த்தேன்.

"மச்சி" என்றார், குரலைத் தாழ்த்தி. "கரெண்ட் இல்ல. ப்ளேயர் செத்துக் கெடக்குது. தம்புரா மட்டும் ஓடிக்கினு கீது."

பூஜை ரூமை எட்டிப் பார்த்தேன். சாமி படத்துக்குக் கீழே சுருதிப் பெட்டி, உள்ளே பேட்டரியோடு, யாரையும் சட்டை செய்யாமல் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. எட்டிப் பார்க்க நான் வாசலில் நின்றதும் ஹாலில் சத்தம் அடங்கியது. கண்மூடி மாமா நெற்றியைச் சுருக்கினார். நான் விலகினேன். தம்புரா ரூமை ரொப்பியது. அவர் நெற்றி விரிந்தது.

அப்போதுதான் புரிந்தது. பதினாறு பிட்டுக்கு வயர் செருக நான் இடப்பக்கம் போவேன், வாசல் திறந்திருக்கும். ஒரு பிட்டுக்கு வலப்பக்கம் வருவேன், மொத்த வாசலையும் அடைத்துக்கொண்டு நிற்பேன். அவ்வளவு நேரமும் மாமாக்கள் ஒப்பிட்டுப் பார்த்தது இரண்டு ப்ளேயரை அல்ல.

நைனா என்னை மேலிருந்து கீழ்வரை அளந்தார். "உன் தொப்பதாண்டா அந்த ஒரு பிட்டு."

"இப்ப இன்னா நைனா பண்றது?"

"இன்னாத்த பண்றது. மூடிக்கினு கெளம்பு. அவுங்களுக்கு சந்தோசம், அண்ணாச்சிக்கு சந்தோசம், உனுக்கு ஏசி. பெட்டி பாட்டுக்கு இங்கயே பாடிக்கினு கெடக்கட்டும்."

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நான் ஒன்றும் உத்தமன் இல்லை. வாயை மூட முக்கால்வாசி தயாராகிவிட்டேன். ஆனால் ஒரு யோசனை வந்தது. அடுத்த சனிக்கிழமை கூட்டம் கணக்கு மாமா வீட்டில். அங்கே சுருதிப் பெட்டி இருக்கிறதோ இல்லையோ. இல்லாவிட்டால் தம்புரா காணாமல் போகும். அவர் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் விடுகிற ஆளா? கண்டுபிடித்துவிட்டு, பெட்டியையும் தூக்கிக்கொண்டு, கடை நிறையக் கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்து வருவார். தப்பான காரணத்துக்கு விற்ற சாமான் சரியான காரணத்தோடு திரும்பி வரும். அதைவிட மிக்ஸி மேல்.

அவர்கள் உள்ளே வந்தார்கள். "தெரு பூராவும் இல்லை" என்றார் வீட்டுக்கார மாமா.

"சார்" என்றேன். "உங்க மூணு பேரு காதும் ரொம்ப சரி. என் உடம்புதான் தப்பு."

சுருதிப் பெட்டியையும் வாசலையும் காட்டி நடந்ததைச் சொன்னேன். பதிலுக்குத் தம்புரா மட்டும் பேசியது.

"எங்காத்துப் பெட்டியை எப்பவும் இந்த வித்வான் கட்டையிலேதான் வெச்சிருக்கோம்" என்றார் வீட்டுக்கார மாமா மெதுவாக. வித்வானின் சுருதியிலேயே வீட்டை வைத்திருக்கிற அளவுக்கு ரசிகர். அதனால்தான் இரண்டும் ஒன்றோடொன்று பாலும் நீருமாகக் கலந்திருக்கிறது.

அவர் முகம் தொங்கிவிட்டது. ஆனால் கணக்கு மாமாவுக்கு முகமெல்லாம் பல். "இரு இரு. வாசல்ல நில்லு. ம். இப்ப வெளில வா. மறுபடி நில்லு. திரும்பி நில்லு. பக்கவாட்டுல எப்படி இருக்குன்னு பாப்போம்."

பக்கவாட்டில் நின்றால் இன்னும் நன்றாக அடைத்தது. அது எனக்கே புதுச் செய்தி.

மாமி காபி டம்ளர்களோடு வந்து நின்று பார்த்தார். "கரெண்ட் இல்லாத வேளையிலே அந்தப் பிள்ளையை எதுக்கு இப்படி வாசல்ல ஆட்டி வெக்கறேள்?"

"ஆராய்ச்சி நடக்கறது. நீ அந்தச் சுருதிப் பெட்டியை அணை."

"நான் அணைச்சதே இல்லையே. எங்க அணைக்கணும்னே தெரியாது" என்றார் மாமி.

நைனா போய் அணைத்தார். வீடே காது அடைத்த மாதிரி ஆனது. கரெண்ட் வந்தபிறகு வேட்டியை மறுபடி தொங்கவிட்டு, முதலிலிருந்து எல்லாம் திரும்பச் செய்தோம். இந்தத் தடவை விரல்கள் பஸ் ஸ்டாண்டில் வழி கேட்டவனுக்குக் காட்டுகிற மாதிரி ஆளுக்கொரு பக்கம் போயின. ஒருவருக்கு இது, இன்னொருவருக்கு அது, அடுத்த தடவை தலைகீழ்.

"ரெண்டும் நன்னாத்தான் இருக்கு" என்று வீட்டுக்கார மாமா ஒப்புக்கொண்டார். "எது எதுன்னு எனக்குப் பிடிபடலை."

கடைசியில் ஒரு பிட்டை எடுத்துக்கொண்டார்கள். காரணம் சத்தம் இல்லை. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வீடு மாற்றித் தூக்கிப் போக அதுதான் லேசு. கண்மூடி மாமா மட்டும் ஒப்பவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே, "நான் கேட்டது கேட்டதுதான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வாடிக்கையாளர் தனக்கு ஏதோ கேட்கிறது என்றால் அவருக்கு நிஜமாகவே கேட்கிறது. அவரோடு சண்டை போடாதீர்கள், சிரிக்காதீர்கள். அது எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதுதான் நம் வேலை. எதையும் போடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு நிமிஷம் சும்மா நில்லுங்கள். ஃபிரிட்ஜ், மோட்டார், பக்கத்து வீட்டு டிவி, சுருதிப் பெட்டி எல்லாம் தானாக வந்து ஆஜர் கொடுக்கும். உங்கள் உடம்பு ஆஜர் கொடுக்காது. அதை நீங்கள்தான் கவனிக்க வேண்டும்.

பதினாறு பிட் மறுபடி என் மடியில் உட்கார்ந்து தி. நகர் வந்தது. அண்ணாச்சி கல்லாவிலிருந்து பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். தொப்பை வருகிற இடத்தில் நைனா நடித்தே காட்டினார். அண்ணாச்சி உதடு ஒரு தரம் துடித்த மாதிரி இருந்தது. ஆனால் பேச்சு மாறவில்லை.

"காலைல மிக்ஸி கவுண்டர்ல நில்லு. மூடியத் திருகிப் போடு."

மறுநாள் காலை ஏப்ரன் கட்டி, புதினாச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தேன். எதிரே யாரோ வந்து வாயை அசைத்தார். மிக்ஸி சத்தத்தில் கேட்கவில்லை. நிறுத்தினேன். கண்மூடி மாமா. முதல் தடவையாக அவர் கண் முழுசாகத் திறந்திருந்ததால் ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை.

"அந்தப் பெரிய பெட்டி போயிடுத்தா, இருக்கா?"

"இருக்கு சார். ஆனா நேத்து நீங்களே பாத்தீங்க. அந்தத் தம்புரா இதுலேர்ந்து வரல. மறுபடி போட்டப்ப உங்களுக்கும் வித்தியாசம் தெரியல. நல்லா யோசிச்சு..."

"யோசிச்சாச்சு. நான் கேட்டது கேட்டதுதான்."

கல்லாவிலிருந்து அண்ணாச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம், இன்னொரு வார்த்தை பேசினால் அவர் திருகப்போவது மிக்ஸி மூடியை அல்ல, என் காதை என்பது. ஆனாலும் பேசினேன். "சார், வீட்டுல ரெண்டு நாளு வெச்சுக் கேளுங்க. புடிக்கலன்னா நானே வந்து தூக்கிக்கறேன்."

"அதெல்லாம் வேண்டாம். நீயே கொண்டுவந்து வெச்சுக் குடு. அது போதும்."

"எலேய்" என்றார் அண்ணாச்சி. "அங்கன என்ன சட்னிய மோந்து பாத்துட்டு நிக்க? ஏப்ரனக் கழட்டிப் போட்டுட்டு ஏசி ரூமுக்குப் போயி அந்தப் பெருச எறக்கு."

ஆயுத பூஜைப் பொட்டைத் துடைத்துவிட்டு அதை மயிலாப்பூரில் அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஹாலில் மேஜை தயாராக இருந்தது. உள்ளே நுழையும்போதே கேட்டுவிட்டது. பக்கத்து அறையில் சுருதிப் பெட்டி.

"சார், பெட்டி ஓடுது. அத அணைச்சிட்டு ஒரு தடவ கேட்டுப் பாருங்களேன்."

"அது பாட்டுக்கு ஓடிண்டு இருக்கட்டும். அதை எதுக்கு அணைக்கணும்?"

வயரை மாட்டித் தோடியைப் போட்டேன். அவர் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் நெற்றி சுருங்கியது.

"என்னமோ குறையறதே."

வயரைப் பார்த்தேன். ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தேன். அப்புறம் நான் எங்கே நிற்கிறேன் என்று பார்த்தேன். அந்த அறையின் வாசலில்.

ஓர் எட்டுத் தள்ளி நின்றேன்.

"ஆங், இப்ப சரியாயிடுத்து" என்றார், கண்ணைத் திறக்காமலே.